பருப்பு வரிசை எங்கே போனது? பேரங்காடி ரினோவேஷன் பற்றி ஒரு கேள்வி

ஜெலுத்தோங்_மகள் · வெள்ளி, இரவு 10.12

வணக்கம். பினாங்குத் தீவில் நாங்கள் பதினாறு வருடமாகச் சாமான் வாங்கும் பேரங்காடி மூன்று மாதமாக ரினோவேஷனில் இருக்கிறது. பெயர் வேண்டாம், இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். கடையை மூடவில்லை. திறந்துவைத்துக்கொண்டே ஒரு பக்கம் பிரிக்கிறார்கள், மறுபக்கம் பூட்டுகிறார்கள்.

அம்மாவுக்கு 74 வயது. கெடாவில் தோட்டத்தில் பிறந்தவர், தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. தமிழ் நன்றாகப் படிப்பார். மலாய் பேசுவார், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். ஆங்கிலம் கிடையாது. அதனால் கடையில் மேலே தொங்கும் பலகைகளை அவர் பார்ப்பதே இல்லை. நுழைந்ததும் வலது, பழத்தைத் தாண்டி நேரே, முட்டை வந்ததும் இடது, நாலாவது சந்தில் பருப்பு. நான் காரை நிறுத்திவிட்டு உள்ளே வருவதற்குள் ட்ராலியில் பாதிச் சாமான் சேர்ந்திருக்கும்.

போன ஞாயிறு வந்து பார்த்தால், முட்டை இருந்த இடத்தில் ஷாம்பு. அதற்கு முன்னால் காலி ட்ராலியோடு அம்மா. "நாம வேற கடைக்கு வந்துட்டோமா?" என்று கேட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பருப்பைத் தேடி இரண்டு பேரும் இருபது நிமிடம் சுற்றினோம். கிடைக்கவில்லை. வேலையாட்களைக் கேட்டால் ஒருவர் அந்தப் பக்கம் என்றார், இன்னொருவர் இந்தப் பக்கம் என்றார்.

எதற்காக இப்படி மாற்றுகிறார்கள்? கடை வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

செராஸ்_அப்பா · வெள்ளி, இரவு 10.40

இதில் என்ன மர்மம் இருக்கிறது? நாம் தேடித் திரிய வேண்டும், திரியும்போது நாலு பொருள் கண்ணில் பட வேண்டும், கை போக வேண்டும். பாலைக் கடைசியில் வைப்பதும் அதற்குத்தான். இங்கே கேஎல்லில், கோலாலம்பூரில்தான், ஒரு கடையில் வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறார்கள். பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள், அதற்கு மேல் ஒரு காசு செலவழிக்காதீர்கள்.

---

பட்டர்வொர்த்_அக்கா · வெள்ளி, இரவு 11.05

அம்மாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது தங்கச்சி. என் மாமியாரும் அப்படித்தான். பொருளின் பெயர் தெரியாது, இடம்தான் தெரியும்.

---

பழைய_மெர்ச்சண்டைசர் · சனி, காலை 8.20

கேஎல்லில் பதினொரு வருடம் மெர்ச்சண்டைசர், அதாவது அலமாரியில் எது எங்கே என்று பார்த்துச் சரக்கு அடுக்கும் வேலைதான் பார்த்தேன், இப்போது இல்லை. செராஸ் அண்ணன் சொல்வதில் பாதி சரி.

சரியான பாதி எது என்றால், சந்தின் இரண்டு முனைகளிலும் முகப்பு மாதிரி ஓர் அடுக்கு இருக்கும், பார்த்திருப்பீர்கள். கோண்டோலா தலை என்போம். கடையிலேயே விலை உயர்ந்த இடம் அதுதான். பிஸ்கட், சலவைத்தூள், குளிர்பானம் தயாரிப்பவர்கள் அந்த இடத்துக்குப் பணம் கட்டுவார்கள். கண் மட்டத்துத் தட்டும் அப்படித்தான், பேரம் பேசி வாங்குவது. ரினோவேஷன் வரைபடம் வந்ததும் நாங்கள் முதலில் எண்ணுவது தலைகள் எத்தனை என்றுதான். நீளமான சந்து ஒன்றை நடுவில் வெட்டி இரண்டாக்கினால் ஒரே நாளில் இரண்டு தலை கூடும்.

தவறான பாதி, குழப்புவதற்காக மாற்றுவது என்பது. வேலை நடக்கிற மாதங்களில் விற்பனை விழும். எங்களில் யாரும் அதை விரும்பியதில்லை. பழகிய ஆள் பொருள் கிடைக்காவிட்டால் கூடுதலாக வாங்குவதில்லை, ட்ராலியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார். மூடும் நேரத்தில் பாதி நிரம்பிய அநாதை ட்ராலிகளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சரக்கைத் திரும்ப அடுக்கியவன் நான்.

ஒவ்வோர் அலமாரிக்கும் பிளானோகிராம் என்று ஒரு வரைபடம் உண்டு. எந்தத் தட்டில் எந்தப் பொருள், முன்னால் எத்தனை முகம் தெரிய வேண்டும், உள்ளே எத்தனை ஆழம், எல்லாம் அதில் இருக்கும். விற்பனைக் கணக்கை வைத்துத் தலைமையகத்தில் போடுவார்கள். வாரத்துக்கு எத்தனை பாக்கெட் நகர்கிறதோ அதற்கேற்ற முகம். கடை வாசலையே பார்க்காத ஒருவர் கணினியில் போட்ட படத்தை நாங்கள் இரவு பதினொன்றுக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு அடுக்குவோம். காலையில் வரும் ஊழியருக்கு எது எங்கே போனது என்று தெரியாது. உங்களுக்கு இரண்டு பேர் இரண்டு திசை காட்டியது அதனால்தான், அவர்களைக் கோபித்துப் பயனில்லை.

---

சுங்கைடுவா_மாணவன் · சனி, காலை 9.02

பால் கடைசியில் இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு என்று படித்திருக்கிறேன். குளிர் அறை பின்னால்தானே இருக்கும், அங்கிருந்தே நேராக நிரப்பலாம்.

ஒரே பாதையில் ஆளை நடத்துவதும் புதிதில்லை. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரில் 1916இல் பிக்லி விக்லி என்று ஒரு கடை திறந்தது. அதற்கு முன்பெல்லாம் கடைக்காரரிடம் கேட்டு வாங்குவார்கள், இங்கேதான் வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் முறை. சுழல் கதவில் நுழைந்தால் எல்லா அலமாரியையும் கடந்துதான் கல்லாவுக்கு வர முடியும். அதற்குக் காப்புரிமைகூட வாங்கினார்கள், 1917இல். இன்று பினாங்கில் பத்து காவான் என்ற ஊரில் இருக்கும் ஐக்கியா அறைகலன் கடையில் தரையில் அம்பு போட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். அங்கே குறுக்குவழிகள் இருக்கின்றன, கதவு மாதிரி தெரியாது, அவ்வளவுதான்.

---

குளிர்ப்பெட்டி · சனி, மதியம் 1.35

நான் பினாங்கில் பிறை என்ற ஊரில் இருக்கிறேன். கடைகளுக்குச் சில்லர், ஃப்ரீசர் போடுவதுதான் தொழில். மெர்ச்சண்டைசர் அண்ணன் மேலே தெரிவதைச் சொன்னார், நான் தரைக்குக் கீழே இருப்பதைச் சொல்கிறேன்.

ஒரு பேரங்காடியில் நகராதவை சில உண்டு. சில்லர் ஒவ்வொன்றுக்கும் செம்புக் குழாய் போக வேண்டும், கம்ப்ரசர் கூரையிலோ பின்னாலோ இருக்கும். பனி உருகிய தண்ணீர் வடிய தரையில் வடிகால் வேண்டும். சில்லரை ஐந்து மீட்டர் தள்ளினால் தரையை உடைக்க வேண்டும், அதன் செலவைக் கேட்டால் முதலாளி பழைய இடமே போதும் என்பார். மீன், கோழி, இறைச்சிப் பகுதியும் அப்படித்தான், தண்ணீர்க் குழாயும் சாய்தரையும் அங்கேதான். ரொட்டி சுடும் இடத்துக்குப் புகைபோக்கி வேண்டும். ஹலால் அல்லாத பகுதி தனி அறை, தனிக் கல்லா. இத்தனையையும் சுவரோரம் கட்டிப்போட்டுவிட்டுத்தான் நடுவில் கை வைப்பார்கள். நடுவில் இருப்பது உலர்சாமான். அதைத் தரையோடு கட்டிப்போடுவது எதுவும் இல்லை, ஒரே ராத்திரியில் நான்கு பேர் பிரித்து வேறு பக்கம் பூட்டிவிடுவார்கள்.

தங்கச்சி, இந்த முறை அங்கே பால், தயிர் வரிசைக்குக் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்களா? முன்பு திறந்தபடி இருந்ததா? பார்த்துச் சொல்லுங்கள். அதில் ஒரு விஷயம் இருக்கிறது.

---

ஜெலுத்தோங்_மகள் · சனி, மதியம் 2.10

ஆமாம் அண்ணே! முன்பு திறந்துதான் இருந்தது, அந்தச் சந்தில் அம்மா சால்வை போர்த்திக்கொண்டு போவார். இப்போது முழுக்கக் கண்ணாடிக் கதவு, உள்ளே வெள்ளை வெளிச்சம். எப்படித் தெரிந்தது?

---

குளிர்ப்பெட்டி · சனி, இரவு 9.48

அப்படியென்றால் உங்கள் பருப்பு எங்கே போனது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

பழைய கடைகள் பலவற்றில் சில்லரைக் குளிரவைக்க ஓடியது ஆர்-22 வாயு. ஓசோன் படலத்துக்குக் கெடுதல் என்று மாண்ட்ரீல் ஒப்பந்தத்தின்படி நிறுத்திக்கொண்டே வருகிறார்கள். நம்மைப் போன்ற வளரும் நாடுகளுக்கு 2013இல் அளவை உறையவைத்தார்கள், 2015இல் 10 விழுக்காடு குறைப்பு, 2020இல் 35, 2025இல் 67.5, 2030 வந்தால் பழைய இயந்திரங்களைப் பராமரிக்கக் கொஞ்சம் தவிர மற்றதெல்லாம் முடிந்தது. ஆகவே பழைய இயந்திரம் வைத்திருக்கும் கடை என்றைக்காவது மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது யாரும் திறந்த சில்லரைத் திரும்பப் போடுவதில்லை. நம் ஊர் ஈரக் காற்றில் திறந்த சில்லர் ஓடுவது, கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஏர்கண்டிஷன் போடுவது மாதிரி. உள்ளே இருக்கும் குளிர் சந்தில் கொட்டும், வெளி ஈரம் உள்ளே போய்ப் பனியாக உறையும். கதவு போட்டால் மின்கட்டணம் நன்றாகக் குறையும்.

இப்போது கணக்குப் பாருங்கள். கதவு என்றால் திறக்க இடம் வேண்டும். ஒருவர் திறந்து நிற்கும்போது பின்னால் இன்னொரு ட்ராலி போக வேண்டும். பழைய சந்து அகலம் போதாது. எதிர் அலமாரியைத் தள்ளினால் அதற்கடுத்த சந்து குறுகும், அதையும் தள்ள வேண்டும். இப்படித் தள்ளித் தள்ளிக் கடைசியில் நடுவில் ஒரு வரிசை முழுதாக எடுத்துவிட வேண்டியதுதான்.

எந்த வரிசையை எடுப்பார்கள்? அதை மெர்ச்சண்டைசர் அண்ணனே சொல்லட்டும்.

---

பழைய_மெர்ச்சண்டைசர் · சனி, இரவு 10.15

ஒரு மீட்டர் தட்டுக்கு எவ்வளவு வருமானம் என்று பட்டியல் போடுவோம். பட்டியலின் அடியில் இருப்பது முதலில் சுருங்கும். பருப்பு மலிவு, எடை அதிகம், லாபம் குறைவு. பணம் கட்டித் தலையை வாங்கும் கம்பெனி பின்னால் நிற்பதும் இல்லை. ஆறு பே, அதாவது ஆறு அலமாரித் துண்டு, இருந்தால் இரண்டாகும், தனிச் சந்து போய் வேறு எதனுடனாவது ஒட்டவைப்பார்கள். இதை எழுத எனக்கே கசப்பாக இருக்கிறது. நானே இரண்டு கடைகளில் செய்திருக்கிறேன்.

---

செராஸ்_அப்பா · சனி, இரவு 10.22

தள்ளுகதவு போடலாமே? வீட்டு அலமாரி மாதிரி. இடமும் வேண்டாம், பருப்பும் தப்பிக்கும்.

---

குளிர்ப்பெட்டி · சனி, இரவு 10.31

போடலாம். ஆனால் தள்ளுகதவில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். சரக்கு அடுக்கும் பிள்ளைகள் திட்டுவார்கள், தண்டவாளத்தில் அழுக்குச் சேரும். படுத்திருக்கும் ஐஸ்கிரீம் பெட்டிக்கு அது சரி, நிற்கும் சில்லருக்குக் கீல் கதவைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

---

ஓடு_பார்ப்பவன் · ஞாயிறு, காலை 7.50

நான் கேஎல், வாங்சா மாஜு பக்கம். கடைக்குப் போனால் தரையைப் பார்ப்பேன், மனைவி திட்டுவாள். பழைய அலமாரி நின்ற இடத்தில் ஓடு வேறு நிறமாக இருக்கும், மேலே விட்டத்தில் பழைய பலகை தொங்கிய கொக்கி இருக்கும். நம் மலேசியப் பேரங்காடிகளில் இது இன்னும் சுவை, ஏனென்றால் கட்டடம் அப்படியே இருக்கும், பெயர் மட்டும் மாறும். கேரிஃபோர் 1994இல் வந்தது, 2012இல் ஏயோன் வாங்கி ஏயோன் பிக் ஆக்கியது. டெஸ்கோ 2002இல் பூச்சோங்கில் முதல் கடை திறந்தது, 2021இல் லோட்டஸ் ஆனது. பெயர்ப்பலகையை மாற்ற ஒரு வாரம் போதும். பழைய ஆளின் நடைபாதையைத் தரையிலிருந்து அழிக்க ஒரு ரினோவேஷன் வேண்டும்.

கவனித்தால் இன்னொன்றும் தெரியும், கடைகள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. விற்பனைத் தளம் 5,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால்தான் நம் அரசாங்கக் கணக்கில் ஹைப்பர்மார்க்கெட். அந்தக் காலத்தில் டிவி, சைக்கிள், சட்டை, டயர் எல்லாம் அங்கேதான் வாங்கினோம். இப்போது டிவியையும் சட்டையையும் ஃபோனிலேயே வாங்கிவிடுகிறோம். அந்த இடத்தைச் சுவர் வைத்துப் பிரித்து வேறொரு கடைக்கோ உடற்பயிற்சி நிலையத்துக்கோ வாடகைக்கு விடுகிறார்கள். உள்ளே ஷாம்புச் சந்து திடீரென்று ஒரு வெள்ளைச் சுவரில் முட்டி நிற்கிறதா? அந்தச் சுவருக்குப் பின்னால்தான் பழைய துணிப் பகுதி.

---

சுங்கைடுவா_மாணவன் · ஞாயிறு, காலை 10.05

அமெரிக்காவில் அலமாரியைக் கூட்டுவதற்குப் பதிலாகச் சரக்கைக் குறைத்து மாட்டிக்கொண்ட கதை உண்டு. வால்மார்ட் 2008, 2009 வாக்கில் பிராஜெக்ட் இம்பாக்ட் என்று ஒன்று தொடங்கியது. பெரிய நடைபாதைகளில் குவித்திருந்த சரக்கை எடுத்து, அலமாரி உயரத்தைக் குறைத்து, பொருள் வகைகளையும் குறைத்தார்கள். கடை சுத்தமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் பாராட்டினார்கள், ஆனால் விற்பனை சரிந்தது. பிறகு எடுத்த பொருள்களையும் நடைபாதைக் குவியலையும் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

டார்கெட் என்ற இன்னொரு அமெரிக்கக் கடை நிறுவனம் 2017இல் அறிவித்தது வேறு மாதிரி. மூன்று ஆண்டுகளில் 7 பில்லியன் டாலருக்கு மேல் முதலீடு, அதில் பெரிய பங்கு கடைகளைப் புதுப்பிக்க. ஹியூஸ்டன் அருகே ஒரு கடைக்கு இரண்டு வாசல் என்று திட்டம். அவசரமாக வருபவருக்கு ஒன்று, அங்கேயே உணவுப்பொருளும் இணையத்தில் சொல்லிவைத்ததை எடுத்துக்கொள்ளும் இடமும். சுற்றிப் பார்க்க வருபவருக்கு மற்றொன்று. உங்கள் அம்மாவுக்கு முதல் வாசல்தான் வேண்டும் அக்கா.

---

பட்டர்வொர்த்_அக்கா · ஞாயிறு, காலை 11.30

இரண்டு வாசல் எல்லாம் இருக்கட்டும் தம்பி. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் தெருவில் ஒரே வாசல், ஒரே அண்ணாச்சி. "ஒரு கிலோ துவரை" என்றால் கைக்கு வந்துவிடும். பார்க்கிங் கிடைக்காது, அது ஒன்றுதான் குறை.

தீபாவளிக்கு மட்டும் இந்தப் பெரிய கடைகளுக்கு நம் ஞாபகம் வந்துவிடும். வாசலிலேயே நெய், கடலைமாவு, முறுக்கு அச்சு. மறுநாள் போனால் அந்த இடத்தில் கிறிஸ்துமஸ் மரம். போன வருடம் அங்கே வாங்கிய அச்சில் மாவு பக்கவாட்டில் பிதுங்கிவிட்டது. யாராவது நல்ல பித்தளை அச்சு எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்களேன்.

---

செராஸ்_அப்பா · ஞாயிறு, மதியம் 12.04

கேஎல் பிரிக்பீல்ட்ஸில் கிடைக்கும். ஆனால் பித்தளை பிழிய இரண்டு ஆள் வேண்டும். மரம்தான் நல்லது.

---

பட்டர்வொர்த்_அக்கா · ஞாயிறு, மதியம் 12.09

மரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

---

நடத்துநர் · ஞாயிறு, மதியம் 12.30

முறுக்கு அச்சுக்குத் தனி இழை திறந்துவிட்டேன், அங்கே சண்டை போடுங்கள். பின்னே வந்த ஒன்பது பதிவுகளையும் அங்கே நகர்த்தியாயிற்று. எந்தச் சந்தில் என்று என்னைக் கேட்காதீர்கள்.

---

பழைய_மெர்ச்சண்டைசர் · ஞாயிறு, இரவு 8.55

தங்கச்சிக்கு உருப்படியாக மூன்று வார்த்தை. வார நாளில் இரவு ஒன்பதரைக்கு மேல் போங்கள். அடுக்கும் ஆட்கள் அப்போதுதான் வேலைக்கு வருவார்கள், அவர்கள் கையில் வரைபடம் இருக்கும், பகலில் இருப்பவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்தது, பருப்பு என்று கேட்காதீர்கள், டால் என்றும் கேட்காதீர்கள். பாக்கெட்டின் படத்தை ஃபோனில் காட்டுங்கள். மூன்றாவது, அம்மா வாங்கும் அளவு பாக்கெட் இல்லையென்றால் வாடிக்கையாளர் கவுண்டரில் எழுதிக்கொடுங்கள். வேலை முடிந்து சில வாரம் கழித்து வரைபடத்தைத் திருத்துவார்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும், எழுதிக்கொடுத்ததை யாராவது ஒருவர் கோப்பில் போட்டே ஆக வேண்டும்.

---

குளிர்ப்பெட்டி · ஞாயிறு, இரவு 11.20

என் பங்குக்கு ஒன்று. அம்மாவுக்கு அலமாரியை வைத்து வழி சொல்லிக்கொடுக்காதீர்கள், அலமாரி மறுபடியும் ஓடும். குளிர்ச் சுவரை வைத்துச் சொல்லுங்கள். இப்போதுதான் புதிதாகப் போட்டிருக்கிறார்கள் என்றால் பத்து வருடத்துக்கு அதை யாரும் அசைக்க மாட்டார்கள்.

---

ஜெலுத்தோங்_மகள் · இரண்டு வாரம் கழித்து, புதன், இரவு 10.50

தாமதத்துக்கு மன்னிக்கவும். நேற்று இரவு ஒன்பதே முக்காலுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மெர்ச்சண்டைசர் அண்ணன் சொன்னபடியே ஒரு பங்களாதேஷ் தம்பி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஃபோனில் படத்தைக் காட்டியதும் எழுந்து, கூடவே வந்து காட்டினார்.

மேலே பலகையில் மாக்கானான் அந்தாராபாங்சா என்று இருக்கிறது. அதாவது நம் பருப்பு இப்போது பன்னாட்டு உணவு. ஒரு பக்கம் இத்தாலிய பாஸ்தா, மறுபக்கம் ஜப்பான் கடற்பாசி, நடுவில் இரண்டு பே. துவரை அரைக்கிலோ பாக்கெட் மட்டும்தான். உடைத்த உளுந்து இருக்கிறது, முழு உளுந்து இல்லை. மசாலாத் தூள்கள் பரவாயில்லை, எல்லாம் இருக்கின்றன. கவுண்டரில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

அம்மா பருப்பைப் பார்த்ததும் எடுக்கவில்லை. திரும்பிப் பால் வரிசைக்குப் போனார். ஓரத்திலிருந்து கதவுகளை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார், நான் பின்னாலேயே ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போனேன். குளிர்ப்பெட்டி அண்ணன் எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டியிருந்தேன். ஏழாவது கதவுக்கு நேர் எதிர்ச் சந்தில் பருப்பு. பதினோராவதில் முட்டை. ஷாம்பை எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளவில்லை, "அது என்னைக்கு வேணாலும் ஓடிரும்" என்றார்.

முழு உளுந்துக்கு மட்டும் சனிக்கிழமை லெபோ பாசார் போகிறோம். அக்கா, எத்தனை மணிக்குப் போனால் பார்க்கிங் கிடைக்கும்?

---

பட்டர்வொர்த்_அக்கா · புதன், இரவு 11.02

எட்டரைக்குள் வந்துவிடுங்கள். அல்லது ஃபெரியில் நான் வருகிறேன், படகுத்துறையிலிருந்து நடந்தே போகலாம்.

---

குளிர்ப்பெட்டி · புதன், இரவு 11.15

ஏழாவது கதவு சரியாக மூடுகிறதா என்று அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டம் கைவைக்கிற கதவில்தான் ரப்பர் முதலில் போகும்.